ரோட்டோரம் சிக்கின கடைசிப் புதர்

போன இதழ்ல சேலம் வாசகர் ஒருத்தர், "உலகத்துல ஒத்தை செடிதான் பாக்கின்னு சொல்ற அளவுக்கு அரிதான செடி நிஜமாவே இருக்கா, இல்ல வாட்ஸப் கதையா"ன்னு கேட்டிருந்தார். இருக்கு சார், சான் ஃபிரான்சிஸ்கோவுல ஃபிரான்சிஸ்கன் மன்சனிட்டான்னு ஒரு பூக்குற புதர், காட்டுல அழிஞ்சே போச்சுன்னு அறுபது வருஷத்துக்கு மேல நினைச்சிட்டு இருந்தாங்க, 2009ல ஹைவே ஓரமா ஒண்ணே ஒண்ணு கிடைச்சுதுன்னு ரெண்டு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அது போதலையாம். மெயில், போஸ்ட் கார்டு, ஆபீஸ் நம்பருக்கு வாய்ஸ் மெசேஜ்னு எல்லா வழிலயும் இதைப் பத்தியே கேட்டிருக்கீங்க. சினிமா கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க, இந்த வாரம் முழுக்க புதர்தான்.

நான் இருக்கறதே சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுத்தின பே ஏரியாலதான். கோல்டன் கேட் பாலத்துக்கு அந்த ரோட்ல எத்தனையோ தடவை போயிருக்கோம். தினம் அத்தனை ஆயிரம் கார் போற இடத்துல இருந்த செடி யார் கண்ணுலயும் படலைன்னா எப்படி? கடைசில பாத்தது யாரு?
– வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

மறைஞ்சு இருந்துச்சும்மா, அதான். நீங்க போற அந்த ரோட்டுக்கு அப்ப டாய்ல் டிரைவ்னு பேரு, 1930-கள்ல பாலத்தோட சேத்து போட்டது, பழசாகி ஆட்டம் கண்டதால இடிச்சுட்டு புதுசா கட்டுற வேலை 2009ல ஆரம்பிச்சுது, இப்ப பிரசிடியோ பார்க்வேன்னு போர்டு பாக்கறீங்களே அதுதான். வேலைக்காக ரோட்டோரத்துல மண்டிக் கிடந்த மரம், கொடி எல்லாத்தையும் வெட்டித் தள்ளினாங்க. அந்தக் கும்பலுக்கு அடியில இத்தனை வருஷம் வெயில் கூட சரியா படாம கிடந்த ஒரு புதர் மட்டும் டிராஃபிக் தீவு மாதிரி ஒரு துண்டு நிலத்துல தனியா வெளிய தெரிஞ்சுது. அதையும் சேத்து வெட்டியிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும், இன்னிக்கு நீங்களும் கேள்வி கேட்டிருக்க மாட்டீங்க.

பாத்தவர் டேனியல் க்ளூசன்காம்ப்னு ஒரு சூழலியலாளர். 2009 அக்டோபர்ல ஒரு மாநாடு முடிச்சுட்டு கார்ல திரும்பும்போது, ஓடுற வண்டியில இருந்தே கண்ணுல பட்டிருக்கு. அந்த ரோட்ல வண்டிய ஓரங்கட்ட முடியாது, அதனால சுத்திட்டு மறுபடி வந்து பாத்துட்டு, பிரசிடியோன்னு அங்க இருக்குற பெரிய பூங்காவுல வேலை செய்யற தாவரவியல்காரங்களுக்கு தகவல் சொல்லியிருக்கார், அப்புறம் மன்சனிட்டாலயே ஊறிக் கிடக்குற ஆளுங்க வந்து செடிய நல்லா பாத்து அதேதான்னு உறுதி பண்ணாங்க. மன்சனிட்டாவுல சுமார் 60 இனம் இருக்கு, முக்கால்வாசி கலிஃபோர்னியாலதான், ஒண்ணுக்கொண்ணு கலந்து கலப்பினமும் ஆகும், அதனால ஓடுற வண்டியில இருந்து இது வேறன்னு தோணினது சின்ன விஷயம் இல்ல. நாம ஓடுற பஸ்ல இருந்து கடை போர்டு படிக்கவே திணறுவோம்.

அண்ணே, படம் தேடிப் பாத்தேன். சத்தியமா சொல்றேன், எங்க வீட்டுப் பின்னாடி கிடக்குற வேலிச்செடி மாதிரிதான் இருக்கு. இதுல அப்படி என்ன இருக்கு?
– வாசகர், திருமங்கலம்

தம்பி, தூரத்துல இருந்து பாத்தா அப்படித்தான் இருக்கும். தரையோட தரையா படர்ற ஜாதி, உசரம் இடுப்பளவு கூட வராது. கிட்ட போய் குனிஞ்சு பாக்கணும். இலை சின்னதா, தடிப்பா, ரெண்டு பக்கமும் பளபளப்பா இருக்கும், கிளைல பட்டை கருஞ்சிவப்பா வழவழன்னு இருக்கும். பூ ஒவ்வொண்ணும் அரை சென்டிமீட்டர் சொச்சம்தான், குண்டுச் சட்டிய கவுத்துத் தொங்கவிட்ட வடிவம், வெள்ளைல லேசா ரோஸ் கலந்திருக்கும், வாய் குறுகலா கீழ பாத்து இருக்கும். ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் பூக்கும், அந்த ஊர்ல அது குளிரும் மழையும் பனிமூட்டமுமா இருக்குற காலம், அந்த நேரத்துல தேனீக்களுக்கு தீனி போடுற செடிகள்ல மன்சனிட்டாவுக்கு முக்கியமான இடம் உண்டு.

இன்னொண்ணு சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம். அந்தப் பூவுக்குள்ள மகரந்தப் பை சாதாரண பூ மாதிரி நீளவாக்குல வெடிக்காது. நுனியில பொடி ஓட்டை மட்டும் இருக்கும். மகரந்தம் வேணும்னா உலுக்கணும். பம்பிள் தேனீ வந்து பூவைக் காலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, றெக்கைய அசைக்காம றெக்கைத் தசைய மட்டும் அதிர வைக்கும், விர்ர்ர்னு ஒரு சத்தம் வரும், பொடி பொலபொலன்னு அது வயித்து மேல கொட்டும். நம்ம கத்தரிச் செடிலயும் இதே டெக்னிக்தான். வீட்டுத் தோட்டத்துல கத்தரி இருந்தா காலைல போய் நில்லுங்க, பெரிய கருவண்டு ஒண்ணு வந்து பூவைப் புடிச்சுக்கிட்டு திடீர்னு ஸ்ருதி மாத்திப் பாடும், கேக்கலாம்.

இந்தச் செடி கல்லறைத் தோட்டத்துல இருந்துச்சுன்னு எங்கயோ படிச்சேன். கல்லறைக்கும் காட்டுச்செடிக்கும் என்ன சம்பந்தம்? எப்படி அழிஞ்சுது?
– வாசகர், பாபநாசம்

சம்பந்தம் இருக்கு சார், கல்லறை இருந்த வரைக்கும்தான் செடியும் இருந்துச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ மணல்மேடும் பாறைக்குன்றுமா இருந்த ஊர். அங்கங்க செர்பன்டைன்னு பச்சை கலந்த வழுக்குப் பாறை வெளிய தெரியும் (கலிஃபோர்னியாவோட மாநிலப் பாறையே அதுதான், 1965ல அறிவிச்சாங்க. மாநிலப் பறவை, மாநில மரம்னு நாம வச்சிருக்கோம், பாறை வச்சிருக்கோமா தெரியல). அந்தப் பாறை கரைஞ்ச மண்ணுல கால்சியம் கம்மி, மெக்னீசியம் ஜாஸ்தி, நிக்கல், குரோமியம் வேற, பயிர் பச்சைக்கு அது ஆகாது. வேற எதுவும் லேசுல வளராத இடத்துல போட்டி இல்லாம பிழைக்கப் பழகின செடி இது. ஊர் வளர வளர வீடு, ரோடுன்னு குன்றெல்லாம் போச்சு, கல்லறைத் தோட்டத்துல மட்டும் யாரும் கை வைக்கல. லாரல் ஹில், மேசானிக்னு ரெண்டு கல்லறைத் தோட்டம், அப்புறம் மவுன்ட் டேவிட்சன் குன்று, செடி இருந்ததா பதிவுல இருக்குற இடங்கள் இதெல்லாம்தான்.

அப்புறம் அந்த ஊர்க்காரங்களுக்கு கல்லறை நிலத்து மேலயும் கண்ணு போச்சு. 1900லயே நகரத்துக்குள்ள இனிமே புதைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, பிற்பாடு புதைச்சதையும் தோண்டி எடுத்து தெக்க கோல்மான்னு ஒரு ஊருக்குக் கொண்டு போனாங்க, லாரல் ஹில்ல இருந்து மட்டும் சுமார் 35,000 பேரோட எலும்பு. அந்தக் கோல்மாவுல இன்னிக்கும் உசுரோட இருக்குறவங்க ஆயிரத்து சொச்சம், புதைஞ்சு கிடக்குறவங்க பல லட்சம். காலியான லாரல் ஹில் நிலத்துல வீடு கட்ட 1947 வாக்குல புல்டோசர் இறங்கிச்சு. செடியோட கடைசி இடமும் அதோட போச்சு.

புல்டோசர் முழுசா வர்றதுக்குள்ள ஜேம்ஸ் ரூஃப்னு ஒரு மனுஷன், பெர்க்லி பக்கம் டில்டன் பூங்காவுல தாவரத் தோட்டம் உருவாக்கினவர், கல்லறைக்குள்ள போய் செடிய வேரோட தோண்டி கோணிச்சாக்குல போட்டு எடுத்துட்டு வந்தார். தோட்டத்துல இந்த இனம் தப்பிச்சதே அவரும் அவரை மாதிரி இன்னும் ரெண்டொருத்தரும் சரியான நேரத்துல போனதாலதான்.

செடிக்கு 1905ல பேர் வச்சது ஆலிஸ் ஈஸ்ட்வுட். கேள்வில இல்லாட்டியும் இந்த அம்மாவைப் பத்தி சொல்லாம போக மனசு வரல. கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்ஸஸ்ல தாவரப் பிரிவுக்குப் பொறுப்பு. ஒரு இனத்துக்கு முதமுதலா பேர் வைக்கும்போது ஆதாரமா எடுத்துக்கிட்ட காய்ஞ்ச செடி இருக்கு இல்லையா, மூல மாதிரின்னு சொல்வாங்க, அதையெல்லாம் மத்ததோட கலக்காம தனியா ஒரே இடத்துல வச்சிருந்தாங்க, அப்ப அது வழக்கம் கிடையாது. 1906 பூகம்பத்துல அகாடமி கட்டடத்துல மாடிப்படி நொறுங்கிடுச்சு, பக்கத்துல தீ பரவிட்டு வருது, இந்த அம்மா அப்ப நாப்பத்தி ஏழு வயசு, படிக்கட்டோட இரும்புக் கைப்பிடில கால் வச்சு ஏறி ஆறாவது மாடிக்குப் போய், தனியா வச்சிருந்த ஏறக்குறைய 1,500 மாதிரிகளை கட்டி கயித்துல கீழ இறக்கிட்டாங்க. மிச்சம் மொத்தமும் அன்னிக்கே சாம்பல். சொந்த வீட்டுச் சாமானும் தீயில போயிடுச்சு.

ஒரு புதரை இடம் மாத்த ரெண்டு லட்சம் டாலராமே! நம்ம காசுக்கு கோடிக்கணக்கு. இது அநியாயமா தெரியலையா? அந்தச் செடி நர்சரிலயே கிடைக்குதுன்னு வேற சொல்றாங்க.
– வாசகர், திருப்பூர்

கணக்கு கேக்கறீங்க, கணக்காவே சொல்றேன். மொத்தம் 2,05,075 டாலர். அதுல பேத்து எடுத்து நடுற வேலைக்கு ஒரு லட்சம். புது இடத்துல பத்து வருஷம் வரைக்கும் பாத்துக்கறதுக்கு 79,470. ரிப்போர்ட், எழுத்து வேலைக்கு 25,605. ரோடு போடுற துறையே கொடுத்த காசு, அந்த ரோட்டுக்கான மொத்தச் செலவு நூறு கோடி டாலருக்கு மேல. அதாவது ஆயிரம் ரூபாய்க்கு இருபது காசு. உங்க ஊர்ல ஃபேக்டரி கட்டும்போது வாஸ்துக்காரருக்கு கொடுக்கறது இதை விட ஜாஸ்தியா இருக்கும்.

நர்சரில கிடைக்குதுங்கறது உண்மைதான், அமெரிக்காலயும் இதையே சொல்லி கிண்டல் பண்ணாங்க, சில டாலருக்கு வாங்குற செடிக்கு இவ்ளோ செலவான்னு. ஆனா நர்சரில இருக்கறது 1940-கள்ல காப்பாத்தின சில செடிகளோட கிளைய ஒடிச்சு ஒடிச்சு வச்சது. அதுலயும் தோட்டத்துல பக்கத்துப் பக்கத்துல வேற மன்சனிட்டாக்கள் நிக்கறதால விதை போட்டு வளத்தது எதுன்னாலும் கலப்பா இருக்க வாய்ப்பு உண்டு. ரோட்டோரத்துல கிடைச்சது வேற வம்சம், அந்த வம்சம் அதுவரைக்கும் எந்தத் தோட்டத்துலயும் கிடையாது. எனக்குக் கேட்டா, இந்த மொத்தக் கதைல கொடுத்த காசுக்கு மேல கிடைச்ச பலன் அந்தப் புது வம்சம்தான், ஆனா பத்திரிகைக்காரங்க எல்லாம் (நாங்களும்தான்) செடிய கிரேன்ல தூக்குற படத்தைப் போட்டுட்டு நிறுத்திக்கிட்டாங்க.

வளந்த செடிய பேத்து நட்டா பட்டுப் போகாதா? என் அனுபவத்துல முருங்கை தவிர எதுவும் வந்ததில்ல.
– மாடித்தோட்ட வாசகி, அம்பத்தூர்

படும்தான், மன்சனிட்டா அதுலயும் மோசம், வேரைத் தொட்டாலே கோவிச்சுக்குற ரகம். அதனால முதல்ல, செடி செத்தாலும் வம்சம் போகாத மாதிரி ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. கிளைகள் தரைல பட்டு தானா வேர் விட்ட இடங்களை வெட்டிப் பிரிச்சாங்க, நுனித் துண்டுகளை பல தாவரத் தோட்டங்களுக்குக் கொடுத்தாங்க, அடியில இருந்த மண்ணையும் வாரிக்கிட்டாங்க, ஏன்னா பழைய விதை அதுலதான் கிடக்கும். அதுக்கப்புறம்தான் 2010 ஜனவரி 23ம் தேதி, சுத்தி ஆழமா தோண்டி, சுமார் 10 டன் எடையுள்ள மண்கட்டியோட கிரேன்ல தூக்கி லாரில ஏத்தி, பிரசிடியோவுக்குள்ளயே அதே மாதிரி பாறை மண் இருக்குற இன்னொரு இடத்துல இறக்கினாங்க. மழைக்காலம் பாத்து எடுத்ததும் ஒரு காரணம், செடி பிழைச்சுக்கிச்சு. நீங்க அடுத்த தடவை எதையாவது மாத்தி நடும்போது தாய் மண்ணு நிறைய விட்டு எடுங்க, எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு துண்டு ஒடிச்சு வேற தொட்டில வச்சுக்கங்க.

துண்டு வச்சா வருதுன்னா ஆயிரம் செடி போட்டு மலை பூரா நட்டுட வேண்டியதுதானே? அப்புறம் எதுக்கு அழியுற இனம்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க?
– வாசகர், பொள்ளாச்சி

வந்ததுலயே நல்ல கேள்வி இதுதான். ஆயிரம் நட்டாலும் அது ஒத்தை செடிதான் சார். ஒரே ஆளை ஆயிரம் ஜெராக்ஸ் எடுத்து நிறுத்திட்டு இது ஒரு கிராமம்னு சொல்ல முடியாது, அதுங்களுக்குள்ள கல்யாணம் பண்ணி வைக்கவும் முடியாது. மன்சனிட்டாவுக்கு நல்லா காய் பிடிக்கணும்னா பொதுவா வேற வம்சத்துச் செடியோட மகரந்தம் வேணும். அதனால இந்தக் காட்டுச்செடியோட பிள்ளைகளையும் பழைய கல்லறைச் செடிகளோட வாரிசுகளையும் பக்கத்துப் பக்கத்துல நட்டு, வேற மன்சனிட்டா எட்டாத தூரத்துல வச்சு, தேனீ வரணும்னு பாத்துட்டு இருக்கணும்.

காய் பிடிச்சுட்டா முடிஞ்சுதான்னா அதுவும் இல்ல. விதை கல்லு மாதிரி இருக்கும், மண்ணுல வருஷக்கணக்கா சும்மா கிடக்கும். காட்டுத்தீ வந்து, புகையும் கரியும் மண்ணுல இறங்கினாத்தான் முளைக்கணும்னு அதுக்கு அறிவு வரும். சில மன்சனிட்டாவுக்கு அடில கட்டை மாதிரி ஒரு முடிச்சு இருக்கும், மேல எரிஞ்சாலும் அதுல இருந்து மறுபடி துளிர்க்கும், இந்த இனத்துக்கு அது கிடையாது, எரிஞ்சா தாய் செத்துரும், விதை முளைக்கும், அதுதான் ஏற்பாடு. இப்ப யோசிங்க, ஒரு சதுர அடி என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச சான் ஃபிரான்சிஸ்கோல, வீடுகளுக்கு நடுவுல, இருக்குற ஒத்தைத் தாய்ச்செடி பக்கத்துல யாரு தீ வைக்கறது? நர்சரில விதைய புகைத் தண்ணில ஊறவச்சு ஏமாத்தி முளைக்க வைக்கலாம், ஆனா அதுக்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஆள் பக்கத்துலயே நிக்கணும்.

அப்புறம் நோய். ஃபைட்டாப்தோரான்னு ஒரு வேரழுகல், பொள்ளாச்சிப் பக்கம் மிளகு போட்டவங்களைக் கேளுங்க, வாடல் நோய்னாலே பேயைப் பாத்த மாதிரி பயப்படுவாங்க, அதே வம்சத்துல வேற ஜாதிங்க மன்சனிட்டாவைக் கொல்லுது. வயித்தெரிச்சல் என்னன்னா அது நர்சரித் தொட்டி மண்ணு மூலமாவே காட்டுக்குப் போகும். அழியுற செடியக் காப்பாத்தறேன்னு நல்ல மனசோட கொண்டு போய் நட்டா, அந்தத் தொட்டியோட சேத்து நோயையும் நட்டுட்டு வந்துடலாம். ஷூ அடில ஒட்டின சேறே போதும். அதனால ஆயிரத்தை அவசரமா நட மாட்டாங்க, சோதிச்சு சோதிச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான்.

2012 செப்டம்பர்ல அழிவின் விளிம்புல இருக்குற இனம்னு அமெரிக்க அரசு சட்டப்படி அறிவிச்சுது, 2013 டிசம்பர்ல நகரத்துக்குள்ள சுமார் 230 ஏக்கரை இதுக்கான முக்கிய வாழிடம்னு குறிச்சாங்க. சேலம் வாசகருக்காக இன்னொரு தகவல்: அதே பிரசிடியோல ரேவன் மன்சனிட்டான்னு ஒரு ஒண்ணுவிட்ட உறவு இருக்கு, அதுக்கும் காட்டுல ஒரே ஒரு தாய்ச்செடிதான். 1950-கள் தொடக்கத்துல பீட்டர் ரேவன்னு ஒரு ஸ்கூல் பையன் கண்டுபிடிச்சது, பிற்பாடு அவர் உலகப் புகழ் தாவரவியலாளர் ஆனார். 1979ல இருந்து சட்டப் பாதுகாப்புல இருக்கு, எத்தனையோ துண்டு வச்சு நட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்தப் பட்டியல்ல இருந்து வெளிய வர முடியல.

எங்க ஊர் மலையில சிவப்பா கொத்து கொத்தா பூக்குமே காட்டுப்பூவரசு, அதுவும் இந்தச் செடியும் ஒரே குடும்பம்னு என் பொண்ணு சொல்றா. ரெண்டுக்கும் ஒத்துமையே இல்லையே?
– வாசகி, கோத்தகிரி

பொண்ணு சொல்றது சரிதான், பரிசு ஏதாவது வாங்கிக் கொடுங்க. ரெண்டும் எரிக்கேசியே குடும்பம். ப்ளூபெர்ரி, ஊட்டி பார்க்ல இருக்குற அசேலியா, உங்க பக்கம் விண்டர்கிரீன் தைலம் எடுத்த அந்தச் செடி, எல்லாம் இதுல அடக்கம். பொதுவா சத்து கம்மியான மண்ணுல, வேர்ல பூஞ்சையக் கூட்டாளியா வச்சுக்கிட்டு பிழைக்கற கூட்டம் இது. காட்டுப்பூவரசு ரோடோடென்ட்ரான் வகை, அதோட சொந்தக்காரங்க இமயமலைல ஏராளம், அப்புறம் நடுவுல இந்தியா பூரா ஒண்ணும் இல்லாம திடீர்னு நீலகிரி, பழனி, ஆனைமலைல வரும், அடுத்தது இலங்கைல ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் வரும். குளிர் அதிகமா இருந்த காலத்துல பரவி, சூடு ஏற ஏற உச்சிக்கு ஏறித் தங்கிட்டதுன்னு ஒரு விளக்கம் சொல்வாங்க. அது மன்சனிட்டா அளவுக்கு மோசமான நிலைமைல இல்ல. ஆனா சோலையும் புல்வெளியும் போய் தேயிலையும் சீகையும் யூகலிப்டஸும் வந்த கதைய நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, நீங்க ஜன்னலைத் திறந்தாலே தெரியும்.

ஆன்லைன்ல மன்சனிட்டா விதைன்னு விக்கறாங்க. வாங்கிப் போடலாமா?
– வாசகர், வேலூர்

வேணாம். வர்ற பாக்கெட்ல என்ன விதை இருக்கும்னு சொல்ல முடியாது, முளைச்சாலும் வேலூர் வெயில்ல நிக்காது. கத்தரி போடுங்க, மேல சொன்ன வண்டாவது வரும்.

அடுத்த லீவுல பசங்களை கூட்டிட்டுப் போய் அந்த ஒத்தை செடியக் காட்டணும். எங்க இருக்கு?
– வாசகர், சன்னிவேல், கலிஃபோர்னியா

அந்தச் செடி இருக்குற இடத்தை வெளிய சொல்றதில்ல, திருட்டுக்கும் பயம், நல்ல மனசோட வந்து மிதிக்கறவங்களுக்கும் பயம், பசங்க ஷூ சேறு பத்தி மேலயே சொல்லிட்டேன். அதுக்குப் பதிலா பெர்க்லி மலைல டில்டன் தாவரத் தோட்டத்துக்குப் போங்க, ரூஃப் சாக்குல கொண்டு வந்த வம்சம் அங்கதான் வளந்துச்சு, டிக்கெட் கிடையாது. கோடை லீவுல போனா பூ இருக்காது, பிப்ரவரி மாதிரி ஒரு சனிக்கிழமை பாருங்க, வெயில் வந்ததுக்கு அப்புறம் போனா தேனீயும் இருக்கும். பெயர்ப் பலகை பாத்துப் போங்க, ஏகப்பட்ட மன்சனிட்டா வச்சிருக்காங்க, இது கீழ படர்ந்து கிடக்கும்.